படகேறிய கூழுக்கு ஓர் அஞ்சலி

தோற்றம்: தெரியாது. மறைவு: நாளைக் குறித்து வைத்தவர் யாருமில்லை. பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்திலும் அக்கம்பக்கத்துக் குப்பங்களிலும் வலைக்குப் போகிறவரோடு படகேறிப் போய்க்கொண்டிருந்த கேழ்வரகுக் கூழ் காலமாகிவிட்டது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சுட்ட கருவாடு, சென்னாகூனி, முந்தின நாள் மீன்குழம்பு ஆகியோர் உற்றார் உறவினர். பேனர் வைக்கவில்லை, பறை அடிக்கவில்லை, பதினாறாம் நாள் காரியமும் நடக்கவில்லை. ஆள் போய்விட்டது என்று ஊருக்கு உறைக்கவே கொஞ்ச காலம் ஆனது.

கூழ் எங்கே செத்தது, ஆடி மாதம் அம்மன் கோயிலில் அண்டா அண்டாவாக ஊற்றுகிறார்களே என்று கேட்பீர்கள். ஊற்றுகிறார்கள்தான். அது சாமிக்கு வார்க்கும் கூழ், வருஷத்துக்கு ஒரு முறை. நான் அஞ்சலி எழுதுவது வேலைநாள் கூழுக்கு. படகின் குறுக்குப் பலகைக்கு அடியில், ஈரச்சாக்கு சுற்றி, வெயில் படாமல் உட்கார்ந்திருந்த தூக்குச்சட்டிக்கு. உப்பு ஏரியின் நடுவில் ஒரு ஆளுக்குச் சோறாகவும் தண்ணீராகவும் இருந்த அந்த ஒரு சட்டிக்கு.

ஊரைப் பற்றி நாலு வரி. திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் வங்காள விரிகுடா. இந்தியாவின் உப்புநீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்த பெரிய ஏரி இது. வடக்கே ஆந்திரத்துக்குள் நீண்டு கிடக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா, ராக்கெட் விடும் தீவு. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்ட்ரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். இன்று அது முட்புதர் மண்டிய மேடு. அந்தக் கோட்டையைச் சொல்லக் காரணம் இருக்கிறது. டச்சுக் கம்பெனி தன் கப்பல்களில் மாலுமிகளுக்குப் போட்டது காய்ந்து இறுகிய ரொட்டியும் உப்புக்கண்டமும். மாதக்கணக்கில் அதையே தின்று ஈறு வீங்கி, பல் ஆடி, ஸ்கர்வி வந்து செத்தவர்கள் ஏராளம். அந்தத் தொல்லை தாங்காமல்தான் 1652-இல் ஆப்பிரிக்காவின் தென்முனையில், கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் நல்ல தண்ணீரும் தர ஒரு நிலையமே அமைத்தார்கள். கம்பெனி தொடங்கியது 1602-இல். வேலைக்காரன் வேலை நேரத்தில் எதைத் தின்று உயிரோடு இருப்பான் என்ற கணக்கை உருப்படியாகப் போட அன்றைய உலகின் மிகப் பெரிய கம்பெனிக்கு ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது. அவர்களுடைய காய்ந்த ரொட்டிதான் நானூறு வருஷம் கழித்து, இனிப்புச் சேர்த்து, பளபளக்கும் பாக்கெட்டில், இன்றைக்கு இதே ஏரியில் படகேறுகிறது. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பிஸ்கட்டாக.

கூழுக்கு வருவோம். காய்ச்சியவர்கள் கையிலிருந்து சொன்னால்தான் அதன் அருமை தெரியும், அதன் கொடுமையும் தெரியும். இன்று மத்தியானம் குடிக்கும் கூழுக்கு முந்தாநாள் ராத்திரி வேலை ஆரம்பம். கேழ்வரகை ஏந்திரத்தில் அரைத்து, மாவைத் தண்ணீரில் தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்து மூடி வைக்க வேண்டும். மறுநாள் சாயங்காலம் மூடியைத் திறந்தால் புளிப்பு வாசனை மூக்கில் ஏறும். பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து அரிசி நொய்யைப் போட்டு, அது குழைந்ததும் புளித்த மாவை ஊற்றிக் கிண்டுவது. கரண்டியெல்லாம் இதற்கு ஆகாது, துடுப்பு வேண்டும். இரண்டு காலாலும் சட்டியை அண்டக்கொடுத்து, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக் கிண்டினால்தான் அடிப்பிடிக்காது, கட்டி தட்டாது. மாவின் நிறம் கறுத்து, பளபளப்பு ஏறும்போது விரலைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பார்ப்பார்கள். ஒட்டினால் இன்னும் வேகவில்லை. ஒட்டாவிட்டால் இறக்கலாம். ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைத்தால், விடிவதற்குள் அந்தத் தண்ணீரும் லேசாகப் புளித்துவிடும். ஆக, ஒரு சட்டிக் கூழுக்கு இரண்டு ராத்திரி. இரண்டு ராத்திரியும் ஒரு பெண்ணுடையது.

அந்தத் தூக்கு எந்த நேரத்தில் படகேறும் என்பதை முடிவு செய்தது ஏரி. பழவேற்காட்டின் தெற்குப் பகுதியில் பாடு என்று ஒரு முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மூன்று ஊரும் முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல மீன்பிடி இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. எந்த நாளில் எந்த ஊர், ஊருக்குள் எந்தத் தலைக்கட்டுக்கு எந்த இடம் என்பதெல்லாம் சீட்டுப் போட்டு, பேசி வைத்தது. மீன்வள ஆய்வாளர்கள் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் வந்து இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நீர் இறங்கும் நேரம் பார்த்துக் கழி நட்டு, சுத்துவலை கட்டி, இறாலுக்குக் காத்திருக்க வேண்டும். நீரின் நேரம் தினமும் தள்ளிக்கொண்டே போகும். ஒரு வாரம் நடுச்சாமத்தில் போக வேண்டியிருக்கும், அடுத்த வாரம் விடிகாலையில். ஒன்பது மணிக்கு டிபன், ஒரு மணிக்குச் சாப்பாடு என்ற ஒழுங்கெல்லாம் கரையில் இருப்பவனுக்கு. வலைக்காரனுக்கு எந்த நேரத்திலும் கெடாமல், எந்த நேரத்திலும் சூடு பண்ணத் தேவையில்லாமல், ஈரக் கையோடு குடிக்கத் தோதாக ஒரு சாப்பாடு வேண்டும். புளித்துப்போன ஒன்று மேலும் கெட நேரம் எடுக்கும். வெயில் ஏற ஏற அதற்குப் புளிப்புத்தான் கூடும்.

படகில் அதைக் குடிக்கும் விதம் ஒரு கணக்கு. முதலில் உருண்டை ஊறிய தண்ணீர், ஒரு சொம்பு. வலை கட்டி முடித்த பிறகு உருண்டையைக் கையால் பிசைந்து, உப்புப் போட்டு, கெட்டியாக. வெங்காயத்தைப் படகின் விளிம்பில் வைத்து ஒரு குத்து; தோலை ஏரியில் போட்டுவிட்டு, ஒரு வாய் கூழ், ஒரு கடி வெங்காயம். கருவாடு இருந்தால் அதில் ஒரு துண்டு. மீதியில் இன்னும் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்தால் திரும்பி வரும் வழிக்கு ஆகும். மீசை வைத்தவர்கள் மீசையை ஒதுக்கிக்கொண்டு குடித்தார்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று சிரித்தவர்களும் அதே படகில்தான் இருந்தார்கள்.

இதில் தண்ணீரைக் கவனியுங்கள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், வாயில் வைக்க முடியாது. வெயிலில் கழி ஊன்றிப் படகு தள்ளுகிறவனுக்கு வேர்வையில் போவது தண்ணீரும் உப்பும். வெறும் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தால் வயிறு நிரம்புமே தவிர உப்பு திரும்பாது. கூழில் தண்ணீர், உப்பு, மெதுவாகக் கரையும் மாவு மூன்றும் ஒன்றாக உள்ளே போகின்றன. டாக்காவில் வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி மையத்து மருத்துவர்கள் 1980-களில் சர்க்கரைக்குப் பதில் அரிசி மாவைக் கரைத்து உப்பு சேர்த்துக் கொடுத்துப் பார்த்து, காலரா நோயாளிகளுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது என்று கண்டார்கள். நீராகாரம் குடித்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட அதிகமில்லை. ஆனால் ஒன்று: அவர்கள் அளந்து பார்த்தார்கள், நாம் பார்க்கவில்லை.

அளந்த இன்னொரு கணக்கும் சொல்கிறேன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து சுமார் 360 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் பத்துகூடத் தேறாது. கூழுக்குத் துணையாக வந்த உறவினர்களும் சும்மா வரவில்லை. காரப்பொடியும் நெத்திலியும் முள்ளோடு காய்ந்தவை, முள்ளோடுதான் மெல்லுவார்கள். சென்னாகூனி இறாலை ஓடு நீக்கித் தின்ன யாராலும் முடியாது, அவ்வளவு பொடி. அதை வெங்காயம், வரமிளகாயோடு வதக்கி ஒரு உருண்டை வைத்துவிட்டால் புரதத்துக்குப் புரதம், சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பு. பால் வாங்காத வீடுகளில் எலும்பு எப்படி நின்றது என்பதற்கு இந்தச் சட்டியில் பாதி விடை இருக்கிறது.

அஞ்சலிக் கட்டுரை என்பதற்காக இறந்தவரின் குறையை மறைக்கக் கூடாது. இணையத்தில் பழைய சோற்றைப் பற்றியும் கூழைப் பற்றியும் உலாவும் பெருமைகளில் பாதி புளுகு. ராத்திரி ஊறவைத்தால் சோற்றின் இரும்புச்சத்து இருபது மடங்கு கூடுகிறது என்று ஓர் எண் வாட்ஸப் வாட்ஸப்பாகப் போகிறது. இரும்பு மண்ணிலிருந்து வர வேண்டும், அல்லது சட்டியிலிருந்து வர வேண்டும். புளிப்பதனால் புதிதாக இரும்பு முளைக்காது. புளிக்கும்போது நடப்பது வேறு: தானியத்தில் தாதுக்களைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலம் குறைகிறது, இருக்கிற இரும்பு உடம்பில் ஒட்டுகிறது. அதுவே பெரிய விஷயம்தான், மிகைப்படுத்தத் தேவையில்லை. அதேபோல், கேழ்வரகு சர்க்கரை நோய்க்கு மருந்து என்பதும் பாதி உண்மை. மாவாக அரைத்துக் குழைய வேகவைத்த கேழ்வரகு ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். படகில் குடித்தவரை அது ஒன்றும் செய்யாமல் விட்டதற்குக் காரணம் கூழ் மட்டுமில்லை, அவர் கையிலிருந்த கழியும்தான். ஏற்றிய சர்க்கரையை அந்தக் கழி எரித்துவிடும். கருவாட்டு உப்புக்கும் கணக்கு உண்டு. அந்த உப்பு வேர்வையில் போனது வேர்க்கும் வரைக்கும்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே, கூழ் வறுமையின் சாப்பாடு. அரிசிச் சோறு நல்ல நாளுக்கு, கூழ் மற்ற நாளுக்கு. பள்ளிக்கூடத்தில் ‘காலைல இன்னா சாப்ட்ட’ என்று கேட்டால் கூழ் குடித்துவிட்டு வந்த பிள்ளை இட்லி என்றது. ஏரிக்கரைக் குப்பத்தில் கேழ்வரகு விளையாது. கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு நடந்துபோய், தானியமாக மாற்றிக்கொண்டு திரும்பினார்கள் பெண்கள். மழைக்காலத்தில் கருவாடு காயாது. கருவாடு காயாவிட்டால் கேழ்வரகு வராது.

உழைக்கிற உடம்புக்கு எவ்வளவு போதும் என்று இந்த மாகாணத்தில் அரசாங்கமே சண்டை போட்ட கதை ஒன்று உண்டு. தாது வருஷப் பஞ்சம், 1877. நிவாரண வேலையில் மண் சுமக்கிறவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார் பஞ்சத்தைப் பார்வையிட கல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம்; விறகு, உப்பு, பருப்பு எல்லாம் அந்தச் சில்லறையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார்: சும்மா படுத்திருப்பவனுக்கே அது பற்றாது, வேலை செய்கிறவன் இதில் மெலிந்தே சாவான் என்று எழுத்தில் வாதாடினார். செத்தும் போனார்கள். பழவேற்காடு ஏரியோடு வந்து சேரும் பக்கிங்காம் கால்வாயின் சென்னை நகரத் துண்டு அந்தப் பஞ்சத்தின் நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். அந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் ஒரு தூக்குக் கூழும் நாலு கருவாடும் ராஜ போஜனம். ஆனால் ஒப்பிட வேண்டிய கணக்கு அதுவா என்பது வேறு கேள்வி.

சரி, எப்படிச் செத்தது? நாக்கு மாறிவிட்டது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. சட்டியில் இருந்த ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் வெறும் சட்டி மிஞ்சியது.

முதலில் போனது இறால். உறையவைத்த இந்திய இறால் 1953-இல் கொச்சியிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அந்த வியாபாரம் வளர்ந்து கிழக்குக் கரைக்கும் வந்து சேர்ந்தபோது, அதுவரை காயவைத்து வீட்டுப் பானையில் கிடந்த வெள்ளை இறால் ஐஸ் பெட்டிக்குள் போனது. ஏரிக்கரைக்கு வியாபாரி வந்தார், தராசு வந்தது, முன்பணம் வந்தது. முன்பணம் வாங்கியவன் பிடித்ததை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. களி நண்டும் அப்படித்தான். கயிறு போட்டுக் கட்டி, உயிரோடு விமானம் ஏறுகிறது. நல்ல காசு, மறுக்கவில்லை. கூரை ஓடானது, பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். அதற்கு ஈடாகச் சட்டியிலிருந்து புரதம் இறங்கிப் போனது. பிடித்தவனுக்கு மிஞ்சியது தலை உடைந்த இறால், விலை போகாத பொடி மீன். அந்தப் பொடி மீனுக்கும் இப்போது கோழித்தீவனக்காரர்கள் ஆள் அனுப்புகிறார்கள்.

அடுத்தது கேழ்வரகு. 2008 செப்டம்பரில் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூன் முதல் இலவசம். பசி தீர்த்த திட்டம் அது, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பஞ்ச காலத்து டெம்பிளை வைத்துப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிட வேண்டிய திட்டம். ஆனால் அரிசி சும்மா கிடைக்கும்போது, காசு கொடுத்துக் கேழ்வரகு வாங்கி, இரண்டு ராத்திரி கண்விழித்துக் காய்ச்ச யாருக்கு என்ன தலையெழுத்து? கொஞ்ச காலம் கூழின் இடத்தில் பழைய சோறு படகேறியது. அது கூழின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்; குணம் பாதி உண்டு. அவரும் பின்னாலேயே போய்விட்டார்.

மூன்றாவது எஞ்சின். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு உதவிப் பணத்தில் கரை முழுக்க ஃபைபர் படகுகள் பெருகின. எஞ்சின் பூட்டிய படகு முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போய் ஏலத்துக்குள் திரும்பிவிடும். டீசல் செலவு இருப்பதால் ஒவ்வொரு நிமிஷமும் காசு. நடுவில் நிறுத்திக் கூழ் கரைக்க நேரமில்லை. சீக்கிரம் திரும்புகிறோமே, கரையில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றும் தோன்றும். கரையில் என்ன இருக்கிறது? டீக்கடை. கழி ஊன்றாத உடம்புக்கு எரிக்க வேண்டியது குறைந்தது, உள்ளே போவது கூடியது.

நான்காவது, எனக்கு முக்கியமாகப் படுவது, பெண்களின் விடியற்காலை. ஐஸும் லாரியும் வந்த பிறகு ஏலம் முன்னுக்கு நகர்ந்தது. மூன்று, நான்கு மணிக்குக் கூடையோடு ஏலத்தில் நிற்கிறவள் அதே நேரத்தில் அடுப்படியிலும் நிற்க முடியாது. பொன்னேரி, மீஞ்சூர், சென்னை என்று மீனோடு போய்விட்டு மத்தியானம் திரும்புகிறவளுக்குச் சாயங்காலம் துடுப்பு பிடிக்கத் தெம்பிருக்காது. இருளர் பெண்களின் நாள் இன்னும் கடினம். அவர்கள் ஏரியின் சேற்றில் இறங்கி, இரண்டு கையாலும் தடவித் தடவி இறால் பிடிப்பவர்கள். பிடித்ததைப் போட்டு வைக்கும் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். மணிக்கணக்கில் வாய்க்குப் பறியைத் தவிர வேறு வேலை கிடையாது. வேலை நேரத்தில் சத்தாகச் சாப்பிடுங்கள் என்று அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

ஏரியும் தன் பங்குக்குச் செய்தது. முகத்துவாரம் மணல் மூடி அடைத்துக்கொண்டால் கடல் நீர் ஏறாது, இறால் குஞ்சு உள்ளே வராது. தெற்கே வடசென்னை அனல்மின் நிலையம் 1990-களில் வந்தது, எண்ணூர் துறைமுகம் 2001-இல், அதன் பின் காட்டுப்பள்ளி. மீன்பாடு குறைந்த வீடுகளிலிருந்து பிள்ளைகள் அங்கே ஒப்பந்த வேலைக்குப் போனார்கள். தலையில் ஹெல்மெட், கழுத்தில் அடையாள அட்டை, சாப்பாட்டுக்கு அரை மணி. கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் பரோட்டா, எலுமிச்சை சாதம், முட்டை. ஏரிக்காரனின் மகனுக்கு மத்தியானச் சாப்பாட்டை இப்போது ஷிப்ட் முடிவு செய்கிறது.

இப்போது படகில் என்ன போகிறது? கேன் தண்ணீர். பிஸ்கட் பாக்கெட். சில நாள் தக்காளி சாதப் பொட்டலம். பசியை மட்டுப்படுத்தப் பொட்டலப் புகையிலை. கரையேறியதும் டீயும் பொறையும், சர்க்கரை தூக்கலாக. பிறகு போண்டா. பத்து மணிக்குப் பசி அடங்காமல் பரோட்டா, சால்னா. எதுவும் விஷமில்லை. ஒரு நாள் தின்றால் ருசி. தினமும், வெயிலில் வேர்த்த உடம்பில், இதுவே சாப்பாடு என்றால் கணக்கு வேறு. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடியைத் தாண்டிவிட்டார்கள் என்று 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு சொன்னது. அதை நகரத்து வியாதி என்று நினைத்த காலம் போய்விட்டது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. நல்ல ஏற்பாடு. மாத்திரை வந்து சேர்ந்த தெருவில் கூழ்ச்சட்டி வெளியேறிப் பல வருஷம் ஆகிவிட்டது.

ஏரிக்கு அந்தப் பக்கம் பார்த்தால் வேடிக்கை. ராக்கெட் விடும் நாளில் இந்தப் பக்கத்து மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாது. அந்தத் தீவிலிருந்து ஒரு நாள் மனிதர்களை விண்ணுக்கு அனுப்பப் போகிறார்கள். ககன்யான் வீரர்கள் மேலே வேலை நேரத்தில் என்ன சாப்பிடுவார்கள் என்று மைசூரில் பாதுகாப்புத் துறையின் உணவு ஆராய்ச்சிக் கூடம் வருஷக்கணக்கில் வேலை செய்திருக்கிறது. இட்லி, புலாவ், அல்வா வரை பட்டியல் உண்டு. செய்யட்டும், வேண்டியதுதான். படகில் போகிறவனின் பொட்டலத்தையும் அதே கூடத்தில் யாராவது ஒரு மத்தியானம் பிரித்துப் பார்த்தால் நன்றாயிருக்கும்.

இறந்தவருக்கு மறுபிறவி உண்டா என்றால், உண்டு. ஆனால் வேறு ஊரில், வேறு குலத்தில். சென்னையில் கோடை பிறந்ததும் தெருமுனைகளில் கூழ் வண்டி நிற்கிறது. மோர் மிளகாய், மாங்காய்ப் பத்தை, வத்தல், ஒரு சொம்பு கூழ். கழுத்தில் கம்பெனிப் பட்டை தொங்க, கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, நின்றவாக்கில் குடித்துவிட்டு ஜிபே பண்ணுகிறார்கள். 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தது, ஹோட்டல்களில் ராகி லட்டு, ராகி பீட்சா வரை வந்துவிட்டன. அதே வருஷம் தமிழ்நாடு அரசு ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தை நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் தொடங்கியது. கேழ்வரகு விளையும் தருமபுரியில் தொடங்கியது நியாயம். விளையாத கரையில்தான் அது அதிகம் தேவை என்பது என் கட்சி.

ஆனால் வெறும் தானியத்தைக் கொடுத்தால் கூழ் எழுந்து உட்கார்ந்துவிடாது. கேழ்வரகு வந்து சேர்ந்தாலும் அதைப் புளிக்கவைத்து, காய்ச்சி, உருண்டை பிடித்து, நாலு மணிக்குப் படகுத்துறையில் கொண்டுவந்து வைக்க ஓர் அடுப்பு வேண்டும். ஊருக்குப் பொதுவாக, கூலியோடு, அந்த நேரத்தில் திறந்திருக்கும் அடுப்பு. சென்னை மாநகராட்சி 2013-இல் அம்மா உணவகம் திறந்தபோது ஒரு ரூபாய்க்கு இட்லி போட்டது மகளிர் குழுப் பெண்கள்தான், சம்பளத்துக்கு. படகுத்துறைக்கும் அப்படி ஒன்று ஆகாது என்று சட்டமில்லை. இதைச் சொன்னால் ஆண்கள் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். ஆனால் பேச்சு எப்படியோ சுற்றி வீட்டு அடுப்புக்கே வந்து நிற்கிறது.

ஆடிக் கூழ் முடிந்த ஒரு சாயங்காலம். கோட்டைக்குப்பத்துத் திண்ணை ஒன்றில் வலைக்கண்ணியைப் பின்னிக்கொண்டிருந்த பெரியவர் சட்டென்று ஏக்கம் வந்தவராய், கோயில் கூழ் நன்றாயிருந்தது, அதுபோல வீட்டிலும் வாரம் ஒரு நாள் காய்ச்சினால் என்ன, உடம்புக்கு நல்லதாமே, டிவியில்கூடச் சொன்னானே என்றார். உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்த வீட்டம்மா கையைக்கூட நிறுத்தவில்லை.

“துடுப்பு பரண் மேல கீது. எறக்கித் தரட்டா? நீயே கிண்டுய்யா, நான் குந்தினு குடிக்கறேன்.”